மறைவு நிலுவையில் உள்ளவர்

இறந்துபோன மனிதர்கள் அனைவரும் ஒரு நாள் காலையில் வேறோர் உலகத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆதி மனிதனிலிருந்து முந்தாநாள் போனவர் வரை ஒருவர் பாக்கியில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இறந்தவர்கள் என்றைக்காவது எழுந்திருப்பார்கள் என்று ஆளுக்கொரு விதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதிசயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. எழுந்தவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு யாரும் சொல்லாமலே வரிசையில் போய் நின்றார்கள்.

எதற்கான வரிசை என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஒருவர் நின்றார், அதனால் பின்னால் ஒருவர் நின்றார். இரண்டு பேர் நிற்கிறார்களே, ஏதோ கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று மூன்றாமவர் ஓடி வந்தார். மதியத்துக்குள் வரிசை ஒரு குன்றை ஏறி இறங்கி, அடுத்த குன்றைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. எல்லோருக்கும் முன்னால் நின்ற மனிதருக்கு எதிரே வெறும் புல்தரை. அவர் கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து தள்ளுமுள்ளு அதிகமானதும் திரும்பி நின்று, "தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

அந்த நொடியில் அவர் அதிகாரி ஆனார்.

அவருக்கு வரிசைத் தலைவர் என்ற பதவிப் பெயர் தானாகவே அமைந்தது. பக்கத்தில் கிடந்த தட்டைப் பாறை மேஜை ஆயிற்று. பாறைக்கு இந்தப் பக்கம் இருப்பது அலுவலகம், அந்தப் பக்கம் நிற்பது பொதுமக்கள் என்று பிரிந்ததற்கு யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. பழைய உலகத்தில் அலுவலகங்களில் வேலை பார்த்து மறைந்தவர்கள் ஏராளம். அவர்களெல்லாம் வாசனை பிடித்துக்கொண்டு வந்து பாறைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

இத்தனைக்கும் அந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. வானம் வெளிறிய ஊதா நிறத்தில் எப்போதும் இதமாக இருந்தது. இடுப்பளவுச் செடிகளில் மஞ்சள் பழங்கள் தொங்கின. ஒன்றைத் தின்றால் வயிறு நிறைந்தது. எந்த வயதில் போனவராக இருந்தாலும் இப்போது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க உடம்பு. நோய் கிடையாது. ஆளுக்கொரு சாம்பல் நிறத் துணி இடுப்பில் சுற்றியிருந்தது, பெண்களுக்கு மார்பு வரை. யார் எந்த மொழியில் பேசினாலும் எல்லோருக்கும் புரிந்தது. அதனால் முன்பு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் போட்ட சண்டைகளை இப்போது நேரடியாகவே போட முடிந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் அலுவலகம் என்ன செய்யும் என்று சந்தேகம் வரலாம். வரிசைத் தலைவருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: 'உயிர்த்தெழும் தகுதி, முறைப்படி இறந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே ஒவ்வொருவரும் தாம் இறந்ததை அலுவலகத்தின் திருப்திக்கு நிரூபித்தாக வேண்டும்.'

நிரூபித்தவர்கள் 'மறைவு உறுதி செய்யப்பட்டோர்.' அவர்கள் வெள்ளைக் கற்களை வரிசையாக அடுக்கிப் போட்ட ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் போகலாம். நிரூபிக்காதவர்கள் 'மறைவு நிலுவையில் உள்ளோர்.' அவர்கள் இந்தப் பக்கம். அந்தப் பக்கமும் இதே புல், இதே பழம், இதே ஊதா வானம்தான். ஆனாலும் எல்லோரும் அந்தப் பக்கம் போகத் துடித்தார்கள். அந்தப் பக்கம் என்று ஒன்று வந்துவிட்ட பிறகு இந்தப் பக்கத்தில் எப்படி இருப்பது?

வாத்தியார் இந்தப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்த மாத்திரத்தில், வண்டி நகர்வதற்கு முன்னாலேயே "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார். பிரேக் வாத்தியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் வண்டி ஓட்டினார்களோ இல்லையோ, நிறுத்துவதில் வல்லவர்களாக இருந்தார்கள்.

அவருடைய முறை வந்தபோது வரிசைத் தலைவர் தலை நிமிராமல் கேட்டார்.

"எப்படி இறந்தீங்க?"

"தெரியலைங்க. வண்டியில பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா ஓட்டிட்டிருந்தாங்க. கொஞ்சம் கண்ணை அசந்த மாதிரி இருந்தது. முழிச்சுப் பார்த்தா இங்க இருக்கேன்."

"மோதினீங்களா?"

"மோதின ஞாபகம் இல்ல."

"வலி?"

"ஒண்ணும் இல்லைங்க. நல்ல தூக்கம்."

வரிசைத் தலைவர் இப்போது தலை நிமிர்ந்தார். "தூங்கினது ஞாபகம் இருக்கு. முழிச்சது ஞாபகம் இருக்கு. நடுவுல செத்தது ஞாபகம் இல்ல. அப்போ செத்தீங்கன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"செத்தவங்க எல்லாரும் இங்கதானே இருக்காங்க? நானும் இருக்கேனே!"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். சாகாம எப்படி வந்தீங்க?"

வரிசைத் தலைவர் ஒரு அகன்ற இலையை எடுத்து முள்ளால் கீறினார். அலுவலகத்தில் காகிதம் கிடையாது, எல்லாம் இலைதான். இலை சீக்கிரம் வாடிவிடும். வாடிய இலையில் உள்ள விண்ணப்பம் செல்லாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் காலம் இலை வாட ஆகும் காலத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், அலுவலகம் என்றும் பசுமையாகவே இருந்தது.

"உங்க நிலையைப் பதிவு பண்ணியிருக்கேன்" என்றார் வரிசைத் தலைவர். "பழைய உலகத்தில் உயிரோடு இருப்பவர். அங்கே அனுமதியின்றி ஆஜராகாதவர். நீங்க சாகறதைப் பார்த்த சாட்சி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. அடுத்து யாரு?"

அடுத்து நின்றவர் ஒரு குகை மனிதர். அவரைக் கரடி தின்றதாகச் சொன்னார். கரடி தின்ற மாதிரியே தரையில் விழுந்து நடித்தும் காட்டினார். உடனே உறுதி செய்யப்பட்டது.

வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு வெள்ளைக் கோட்டோரமாக நடந்தார். அங்கேதான் முதன்முதலாக இருமல் சத்தங்களைக் கேட்டார்.

இதை விளக்க வேண்டும். பழைய உலகத்தில் எல்லோரும் இளமையாகத் தெரிய ஆசைப்பட்டார்கள். இங்கே எல்லோருமே இளமையாக இருந்ததால் அதில் ஒரு மதிப்பும் இல்லை. கிடைக்காதது முதுமை ஒன்றுதான். ஆகவே நாகரிகமானவர்கள் கரியால் நெற்றியில் சுருக்கம் வரைந்துகொண்டார்கள். தலையில் வெள்ளை மண்ணைத் தேய்த்து நரை வரவழைத்தார்கள். உட்காரும்போது "அப்பாடா" என்றும் எழும்போது "ஐயோ இடுப்பு" என்றும் சொல்வது நல்ல குடும்பத்தின் அடையாளம் ஆயிற்று. கூன் போட்டு நடக்கத் தெரியாதவர்களை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இருமல். நன்றாக இருமத் தெரிந்தவருக்கு நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கூட்டம் வட்டமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. எல்லாம் தொண்டையில் உருட்டும் போலி இருமல்கள். வாத்தியார் அலட்சியமாகக் கடந்து போகப் பார்த்தார். அப்போது ஒரு இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நெஞ்சில் ஒரு முறை நின்று, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு முடியும் இருமல்.

வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். அந்த விசிலை அவருக்குத் தெரியும். அடுத்த அறையில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் வெந்நீர் வைக்க எழுந்திருப்பார். அது கேட்காமல் போன பிறகும் ரொம்ப நாள் வழக்கம் மாறாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா!" என்று கத்தினார்.

வட்டத்தின் நடுவே நின்றிருந்த பெண் திரும்பினாள். கல்யாணத்தின்போது இருந்த அதே முகம். அதன் மேல் கரிக்கோட்டுச் சுருக்கங்கள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கூன் போடுவதையெல்லாம் மறந்து நிமிர்ந்து ஓடி வந்தாள். வட்டத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"என்னங்க! எப்ப வந்தீங்க?"

"எல்லாரும் வந்த அன்னைக்குத்தான். நீ என்ன பண்றே இங்க? நெஞ்சுச்சளி இன்னும் போகலையா?"

"அதெல்லாம் போயிடுச்சுங்க. நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு. சும்மா ஞாபகத்துல இருமறேன். ஒரு நாள் எதுக்கோ இருமிக் காட்டினேன், அசந்துட்டாங்க. இப்போ இருமல் டீச்சர்னு பேரு. ராணிங்க எல்லாம் எங்கிட்ட கத்துக்கறாங்க. அங்க இருக்கிறப்போ எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துவா, ஞாபகம் இருக்கா? அவளும் இப்ப என் வகுப்புல இருக்கா. வராது அவளுக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஏன் அங்கேயே நிக்கறீங்க? இந்தப் பக்கம் வாங்க."

வாத்தியார் குனிந்து கோட்டைப் பார்த்தார். கற்கள் கணுக்கால் உயரம்கூட இல்லை. கோட்டுக் காவலர் ஒருவர் பக்கத்தில் பழம் தின்றுகொண்டிருந்தார்.

"தாண்டிடுவீங்களா?" என்று கேட்டார் காவலர்.

"தாண்ட மாட்டேன்."

"அதானே."

வெள்ளைக் கோட்டைத் தாண்டாதே என்று ஆயுள் முழுக்கக் கத்திய மனிதர். கால் எழவில்லை. மனைவியும் தாண்ட முடியாது. உறுதி செய்யப்பட்டவர் இந்தப் பக்கம் மிதித்தால் அவருடைய மரணம் ரத்தாகிவிடும் என்று விதி. ஆக, இருவரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "சாகறதைக்கூட சொல்லாம கொள்ளாம செஞ்சிருக்கீங்களே! அந்த அம்மா யாரு, பக்கத்துல ஓட்டினது?"

"பல் டாக்டரம்மா. டெஸ்ட்ல எத்தனையோ தடவை ஃபெயில் ஆனவங்க."

"அவங்களைத் தேடுங்க. செத்திருப்பாங்கல்ல?"

"சாகாம இருப்பாங்களா? ஓட்டறதைப் பார்த்தா அன்னைக்கே போயிருக்கணும்."

பல் டாக்டரம்மாவைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. புதிய உடம்புகளில் ஒருவருக்கும் சொத்தைப் பல் கிடையாது. தொழில் போன வருத்தத்தில் அவர் வரிசைக்கே போகாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் குன்றடியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் "ஆ காட்டுங்க" என்று கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். பழக்கதோஷம்.

"சார்! உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும்னு இருந்தேன்."

"என்னை எங்க கொண்டுபோய் மோதினீங்கம்மா? மரமா, லாரியா?"

"மோதவே இல்ல சார். நீங்க கண்ணை மூடினீங்க. தூங்கறீங்கன்னு நினைச்சேன். சரி, எழுப்ப வேண்டாம்னு ஓட்டிட்டே இருந்தேன். ஊரை ஒரு சுத்து சுத்தினேன். மேம்பாலத்துல ஏறினேன். சந்தை ரோட்டுல நுழைஞ்சு வெளியில வந்தேன். ஒரு கீறல் இல்ல. உங்க வீட்டு வாசல்ல, ரெண்டு வண்டிக்கு நடுவுல, அளந்து வெச்ச மாதிரி நிறுத்தினேன். 'பார்த்தீங்களா சார்!'னு உங்க தோளைத் தட்டினேன். அப்பதான் தெரிஞ்சுது." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க திட்டாம இருந்த முதல் நாள் அதுதான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்லா நான் ஓட்டினதில்ல."

வாத்தியார் அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு, "மேம்பாலத்துல எந்த கியர்?" என்று கேட்டார்.

"மூணாவது சார்."

"ம். சரிதான்."

சாட்சியோடு பாறைக்கு வந்தார்கள். வரிசைத் தலைவர் டாக்டரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். பக்கத்தில் இருந்த சட்ட ஆலோசகர்களுடன் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"அம்மா, உங்ககிட்ட ஓட்டுநர் உரிமம் இருந்ததா?"

"இல்லைங்க. கத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டி, சட்டத்தின் பார்வையில் ஓடவில்லை. ஓடாத வண்டியில் இவர் ஊரைச் சுற்றியிருக்க முடியாது. நடக்காத பயணத்தில் சாகவும் முடியாது. சாட்சியம் தள்ளுபடி."

"அப்போ நான் என்னதாங்க பண்றது?" வாத்தியார் கோட்டின் பக்கம் கையைக் காட்டினார். "என் வீட்டுக்காரி அங்க உட்கார்ந்திருக்கா. நான் இங்க. நடுவுல ஒரு முழம் கூட இல்ல."

வரிசைத் தலைவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அலுவலகத்தில் இருக்கும் யாருமே கல்நெஞ்சக்காரர் இல்லை என்பது அவர்களை வீட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவர் யோசித்தார். "ஒரே ஒரு வழி இருக்கு. இந்தம்மா இப்போ டெஸ்ட்ல பாஸாகி உரிமம் வாங்கினா, அதை முன்தேதியிட்டு செல்லுபடி ஆக்கலாம். அப்போ வண்டி ஓடினதா ஆகும். நீங்க செத்ததா ஆகும்."

"இங்க வண்டியே கிடையாதேங்க! சக்கரம்கூட கிடையாது."

"வண்டி ஏற்பாடு செய்து தருவது விண்ணப்பதாரரின் பொறுப்பு" என்றார் வரிசைத் தலைவர்.

செய்தி பரவியது. வேலை வெட்டி இல்லாத ஓர் உலகத்தில் இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன? வண்டியாக இருக்க ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு காலத்தில் பாதிக் கண்டத்தைப் பிடித்த மாவீரர் ஒருவர் பின்பக்க இடது டயராகத் தேர்வானார். முன்பக்கம்தான் வேண்டும் என்று முதலில் அடம் பிடித்தார். பிறகு சமாதானம் ஆகித் தவழ்ந்தார். உலகப் புகழ் பெற்ற தத்துவஞானி ஹாரன். "நான் எப்போ சத்தம் போடணும்?" என்று கேட்டார். "அமுக்கினா மட்டும்" என்றார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு ஒரு கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது. கடலில் புதிய வழி கண்டுபிடித்த மாலுமி இரண்டு காதையும் விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கண்ணாடியாக நின்றார். டாக்டரம்மா நடுவில். பக்கத்தில் வாத்தியார்.

புல்தரையில் எட்டு வரைந்திருந்தது. முன்னால் ஓட்டி, பின்பக்கமாக ரிவர்ஸில் வர வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மனிதகுலம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இருமல் வகுப்பு அன்றைக்கு விடுமுறை.

"கிளப்புங்க" என்றார் வரிசைத் தலைவர்.

டாக்டரம்மா இல்லாத கியரைத் தொட்டதுதான் தாமதம்.

"பிரேக்! பிரேக்!" என்று அலறினார் வாத்தியார்.

நான்கு டயர்களும் குப்புற விழுந்தன. மாவீரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "இன்னும் ஒரு தடவைதான்" என்றார் வரிசைத் தலைவர். டாக்டரம்மா இல்லாத ஸ்டியரிங்கை இன்னும் இறுகப் பிடித்தார். கூட்டத்துக்குள்ளிருந்து வாத்தியாரின் மனைவி முன்னால் வந்தாள்.

"என்னங்க! நீங்க அன்னைக்கு எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க!"

"எப்படி இருந்தேன்?"

"செத்துப் போய் இருந்தீங்க! வாயை மூடுங்க!"

வாத்தியார் கண்ணை மூடினார். வாயை மூடினார். தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நாக்கின் நுனியில் பிரேக் வந்து வந்து நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் டாக்டரம்மாவின் மூச்சு மெல்ல நிதானப்பட்டதைக் கேட்டார். வண்டி கிளம்பியது. வளைந்தது. இன்னொரு பக்கம் வளைந்தது. தத்துவஞானி ஒரே ஒரு முறை, சரியான இடத்தில், "பாம்" என்றார். பிறகு பின்னோக்கி நகர்ந்தது. இதுவரை எத்தனை பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியும் வராத ஒன்று, தான் சும்மா இருந்ததும் வருகிறதே என்று வாத்தியாருக்குக் கண்ணுக்குள் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் செத்தவர் அழக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

வண்டி நின்றபோது எட்டின் கோட்டில் ஒரு புல்கூட மிதிபடவில்லை.

வரிசைத் தலைவரே கை தட்டினார். உரிமம் வழங்கப்பட்டது, முன்தேதியிட்டு. வண்டி ஓடியதாயிற்று. பயணம் நடந்ததாயிற்று. வாத்தியார் இறந்தது உறுதியாயிற்று. அந்த மகிழ்ச்சியான செய்தியைக் கேட்டு மனைவி கோட்டருகே ஓடி வந்தாள். அவர் கோட்டை ஒரே எட்டில் தாண்டினார்.

"வாழ்த்துகள், செத்துட்டீங்க" என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு விட்டுவிடவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் காலையில் பாறைக்கு முன்னால் ஒரு புது வரிசை நின்றது. எல்லோருக்கும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். இருமலுக்கு மவுசு போய்விட்டது. சுருக்கத்தை அழித்தார்கள், கூனை நிமிர்த்தினார்கள். உரிமம் கீறிய இலையைக் கழுத்தில் தொங்கவிடாதவர்களை யாரும் மதிக்கவில்லை. இலை வாடிவிடுவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. அரசர்கள் டயராக இருக்கப் பதிவு செய்துகொண்டு காத்திருந்தார்கள். இருமல் டீச்சரின் வகுப்பில் எதிர்வீட்டுக்காரி மட்டும் மிஞ்சினாள். அவளுக்கும் இன்னும் வரவில்லை.

அலுவலகம் ஒரு போக்குவரத்துப் பிரிவைத் தோற்றுவித்தது. அதற்குத் தலைவராக வாத்தியாரைத் தவிர வேறு யார்? அவருக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே தனிப் பாறை ஒதுக்கப்பட்டது. முதல் நாள் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் வந்தவர்களிடம் தலை நிமிராமலே பேசினார்.

"என்னங்க, இந்தப் பக்கம் வந்ததும் ஆளே மாறிட்டீங்க" என்றாள் மனைவி.

"நான் எங்க மாறினேன்? உட்கார்ற இடம் அப்படி."

"அந்தக் கிழங்கட்டை... அதாவது, அந்த ஆதிகாலத்துப் பொண்ணு காலையிலேருந்து நிக்கறா. ஒரு இலை கீறிக் குடுத்தா என்ன?"

"பரிசீலனையில இருக்கு" என்றார் வாத்தியார். அந்தச் சொல் வாயில் பழத்தைவிட இனிப்பாக இருந்தது.

இப்படி ஒரு நாள் அவர் உட்கார்ந்திருக்கையில் வரிசையில் ஒரு விநோதமான உருவம் வந்து நின்றது. மனித உருவம் இல்லை. இடுப்பளவு உயரம், உடம்பெல்லாம் சாம்பல் நிற மென்மயிர், தலையைச் சுற்றி நிறையக் காதுகள். எல்லாக் காதுகளும், நிறையத் திட்டு வாங்கியவை போல, தொங்கிக் கிடந்தன. முதுகில் ஒரு மூட்டை. அது யாரையும் முந்தவில்லை. தன் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

"எந்தப் பிரிவுக்கு வந்தீங்க?" என்றார் வாத்தியார், தலை நிமிராமல்.

"இதுதான்னு சொன்னாங்க ஐயா. ஒவ்வொரு பாறையா அனுப்பினாங்க. உலகத்திலேருந்து உலகத்துக்கு ஏத்திட்டு வந்த சமாசாரம், ஆக போக்குவரத்துன்னு சொன்னாங்க."

"எதை ஏத்திட்டு வந்தீங்க?"

"உங்களைத்தான்."

வாத்தியார் தலை நிமிர்ந்தார். செய்தி காட்டுத்தீ மாதிரி குன்றுகளைத் தாண்டி ஓடியது. வரிசைத் தலைவர் ஓடி வந்தார். ஹாரன் தத்துவஞானி வந்தார். மனிதகுலம் பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவரே கேட்டார்.

"எங்களை எதுக்காக எழுப்பினீங்க?"

அந்தத் தொங்குகாதர் சங்கடத்தோடு நெளிந்தார். "ஆண்டு முடிவுங்க. எங்க துறைக்கு ஒதுக்கினதுல கொஞ்சம் மிச்சம் இருந்தது. செலவழிக்கலைன்னா அடுத்த வருஷம் குறைச்சிடுவாங்க. முதல்ல ஒரு நட்சத்திரத்துக்கு வெள்ளையடிக்கலாம்னுதான் பேச்சு. ஏணி கிடைக்கலை."

தத்துவஞானி புல்லில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அமுக்காமலே அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இப்போ என்ன வேணும்?" என்றார் வாத்தியார்.

தொங்குகாதர் மூட்டையிலிருந்து ஒரு பளபளப்பான தகட்டையும் ஓர் எழுத்தாணியையும் எடுத்துப் பாறைமேல் வைத்தார். "பெற்றுக்கொண்டோம்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"போட்டா?"

"வேலை முடிஞ்சதா ஆகும். முடிஞ்ச வேலையைக் கலைச்சுட்டு இடத்தைக் காலி பண்ணி ஒப்படைக்கணும்."

"கலைச்சுட்டுன்னா?" என்று கேட்டாள் வாத்தியாரின் மனைவி. அவள் எப்போதோ வந்து கணவனின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

தொங்குகாதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பழையபடி படுத்துக்கணும்மா."

"கையெழுத்துப் போட மாட்டோம்னு சொன்னா?" என்றார் வரிசைத் தலைவர்.

"சரக்கை ஏத்துக்கலைன்னு திருப்பி எடுத்துட்டுப் போகணும். அதுவும் அதேதான்."

வாத்தியார் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். தோளில் மனைவியின் விரல்கள் இறுகின. அவருக்குத் தெரியும், அந்த விரல்கள் முன்பு ஒரு முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படித்தான் இறுகிப் பிறகு தளர்ந்தன. அந்த விரல்களை அவர் மறுபடியும் தளர விடுவதாக இல்லை. போட்டாலும் போச்சு. போடாவிட்டாலும் போச்சு. வாத்தியாரின் மண்டைக்குள், பாறையில் புதிதாகச் சாய்ந்து பழகிய அதிகாரி ஒருவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

எழுத்தாணியைக் கீழே வைத்தார் வாத்தியார். தகட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய அண்டவெளியில் அதுவரை யாரும் பேசாத கம்பீரத்தோடு சொன்னார்:

"கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியில போயிருக்கார்."

தொங்குகாதரின் காதுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "எப்ப வருவார்?"

"சொல்ல முடியாது."

"அப்போ இதை?"

"வெச்சுட்டுப் போங்க. பார்ப்போம்."

தொங்குகாதர் முகத்தில் ஆனந்தம் பொங்கியது. பாறையைத் தாண்டி வந்து வாத்தியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லதுங்க ஐயா! நிலுவைன்னு போட்டுடறேன். நிலுவையில இருக்கிறதை யாரும் தொட மாட்டாங்க, கலைக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. எனக்கும் வேலை நிரந்தரம். அப்பப்போ வந்து கேட்டுட்டுப் போறேன்." மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டவர், ஏதோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பினார். "உங்க பழைய உலகத்துலயும் இப்படித்தான். அதை மூடறதுக்கு உத்தரவு வந்து எவ்வளவோ காலம் ஆச்சு. அங்க ஒரு ஆபீசுல கையெழுத்துக்கு வெச்சிருக்கேன். போறப்பல்லாம் ஆள் வெளியில போயிருக்கார்னு சொல்றாங்க. நல்ல மனுஷங்க."

ஆகவே, பழைய உலகத்தில் இன்னும் இருந்துகொண்டு இதைப் படிக்கும் பெரியோர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஏதாவது ஓர் அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருந்தால், மேஜைமேல் பளபளப்பாக ஒரு தகடு தூசி படிந்து கிடந்தால், கோபப்பட்டுக் கூச்சல் போடாதீர்கள். மேலிடத்துக்குப் புகார் எழுதாதீர்கள். முக்கியமாக, டீக்கடைக்குப் போய் அந்த ஆளைக் கையோடு அழைத்து வந்துவிடாதீர்கள்.